குழாய் இருக்கிறது என்றார்கள்

மழை பிடித்தால் எனக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே அப்படி என்று சொன்னால் அது பொய். மலைநாட்டு ஹட்டனில் பிறந்தவள் மழைக்குப் பயந்தால் வருடத்தில் பாதி நாள் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்க வேண்டும். இது இந்த வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட வியாதி.

மண்ணுக்குள் மின்சாரம் விட்டுப் பார்ப்பது என் வேலை. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் மண்ணில் அடித்து இறக்குவோம். வெளிப்பக்கத்துக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் போகும். நடுவில் இருக்கும் இரண்டு கம்பிகளில், அந்த மின்சாரத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்று அவற்றோடு இணைத்த ஒரு பெட்டி காட்டும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க இன்னும் ஆழத்திலிருந்து செய்தி வரும். பாறை மின்சாரத்தை லேசில் விடாது, எண் ஆயிரக்கணக்கில் ஏறும். தண்ணீர் குடித்த களிமண் தாராளமாக விட்டுவிடும், எண் மளமளவென்று இறங்கும். மலைச்சரிவில் அப்படி எண் இறங்கினால், மேல் மண் எப்போது வேண்டுமானாலும் அந்த ஈரக் களியின் மேல் வழுக்கிக்கொண்டு வரலாம் என்று அர்த்தம். என் அம்மாவுக்கு இதையெல்லாம் பத்துத் தடவையாவது விளக்கியிருப்பேன். அவள் இன்றைக்கும் அக்கம்பக்கத்தில், மகள் கரண்டு ஆபீஸில் வேலை செய்கிறாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. பெட்டி எண்ணைத்தான் கொடுக்கும், விளக்கத்தைக் கொடுக்காது. அந்த எண்களை வைத்து வரைகிற ஒரே கோட்டுக்கு இரண்டு மூன்று விதமாக மண்ணை அடுக்கிக் காட்டலாம், எல்லாமே பொருந்தும். அதில் எது உண்மை என்று நாங்கள்தான் முடிவு கட்ட வேண்டும். மண்ணுக்குள் இறங்கிப் பார்த்தவர் யாரும் இல்லையே.

வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு, வரிசையாக ஒட்டிக்கிடக்கும் ஒரு லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. பெருமழை அடித்த கையோடு சனங்களையெல்லாம் கிளப்பி, மூடிக்கிடந்த பழைய தேயிலை ஃபேக்டரிக்குள் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் லயத்துக்குத் திரும்பலாமா, கூடாதா? இதைச் சொல்லத்தான் என்னை அனுப்பினார்கள். ஆமாம் என்ற பதிலைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஃபேக்டரி காலியாக வேண்டும். சனங்களுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். என் மேலதிகாரிக்கு ஃபைலை மூட வேண்டும். எனக்கும் ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. கூடாது என்று சொல்லிவிட்டு அந்த முகங்களைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

அளக்கப் போன அன்று நல்ல மூடுபனி. உதவிக்கு அந்த லயத்துப் பெண்கள் நாலு பேரைத் தோட்ட நிர்வாகம் அனுப்பியிருந்தது. கொழுந்துக் கூடைக்குப் பதிலாக வயர் சுற்றிய உருளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருத்தி என் வயதுக்காரி, வாய் ஓயாத ஆள். அட்டைக்கடிக்குத் தடவ மடியில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்து என் காலிலும் அவளே தேய்த்துவிட்டாள்.

"மிஸ், இந்தக் கம்பிய அடிச்சா மலைக்கு வலிக்காதா?" என்று கேட்டாள்.

"வலிச்சா சொல்லட்டும், அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றேன். சிரித்தார்கள்.

காலையில் எடுத்த அளவுகளில் குறை இல்லை. காய்ந்த மேல்மண், கீழே உளுத்த பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. இந்த மலைகளில் வழக்கமாகப் பார்க்கிற அடுக்குத்தான். மதியத்துக்குப் பிறகு லயத்துக்கு நேர் மேலே வந்தோம். அங்கே எண் விழுந்தது. கம்பிகளைத் தள்ளி அடித்தேன், இன்னும் விழுந்தது. வயர் எங்காவது உரிந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கம்பி வரிசையைப் பத்து அடி மேலே மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே மாதிரி விழுந்தது. மலையின் மேலிருந்து கீழாக ஒரு பட்டை முழுவதும் மின்சாரத்தைத் தடையில்லாமல் விட்டுக்கொண்டிருந்தது.

மலை வேலைக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர், கண்டாக்கு என்பார்கள், குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அளந்து பேசுகிறவர். என் முகம் போன போக்கைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"அது வேற ஒண்ணும் இல்லீங்க மிஸ். அதுல பழைய இரும்புப் பைப்பு போகுது. மேல ஊத்துலருந்து ஃபேக்டரிக்குத் தண்ணி கொண்டு போனது. வெள்ளக்காரன் காலத்துப் பைப்பு" என்றார்.

மூச்சு வந்தது எனக்கு. இரும்பு கிடந்தாலும் எண் இப்படித்தான் விழும். பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். "பைப்பு இருக்கா?"

"ஆமாங்க மிஸ்" என்றார்கள் நாலு பேரும். வாய் ஓயாதவளும் சொன்னாள், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தையோடு நிறுத்தியதை அன்று நான் கவனிக்கவில்லை. தோட்ட அலுவலகத்தில் பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். ஊற்றிலிருந்து ஃபேக்டரிவரை நீலக் கோடு போட்டிருந்தது, நான் கண்ட பட்டை இருந்த அதே இடத்தில்.

ஒரு மண்வெட்டி, இரண்டு ஆள், அரை மணி நேரம். தோண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தோண்டவில்லை. மழை இறங்கப் பார்க்கிறது, பேட்டரி குறைந்துவிட்டது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் அதுவல்ல. கிடைத்த பதில் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த பதிலைக் கிளறிப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

நுவரெலியாவில் காரியாலயத்தில் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். குழாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வரைந்தால் பட்டைக்குக் கீழே பயப்பட ஒன்றுமில்லை. குழாய் இல்லை என்று வைத்து வரைந்தால், மேல்மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் ஈரக் களி கனமாகப் படுத்திருக்கிறது. இரண்டும் அச்சாகப் பொருந்தின. என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். மனதில் கெட்டவர் இல்லை, ஆனால் தொலைபேசி மணி அடித்தாலே திடுக்கிடுகிற மனிதர்.

"பிள்ளை, உந்த ரிப்போட்டை எப்ப தாறீர்? மேலயிருந்து ஒரே கரைச்சல்" என்று காலையும் மாலையும் வந்து நின்றார்.

குழாய் இருக்கும் படத்தை வைத்து எழுதினேன். வடிகான்களைத் துப்புரவாக்கி, மழைத் தண்ணீர் வடிய வழி செய்தபின் குடியேறலாம். கையெழுத்துப் போடுமுன் சனங்களுக்கு ஒருமுறை விளக்கிச் சொல்வது எங்கள் வழக்கம். அதற்காக அடுத்த கிழமை மறுபடி போனேன்.

ஃபேக்டரிக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில். முன்னால் தகரக் கொட்டகை. கூட்டத்தை அங்கேதான் வைத்தார்கள். தூண் ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். குடியேறலாம் என்றதும் ஒரு கிழவி எழுந்து சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள். பிள்ளைகள் கத்தின. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி வந்தது. இப்படி ஒரு நல்ல செய்தி சொல்லி எத்தனை நாளாயிற்று என்று எனக்கும் சந்தோஷம்தான்.

கூட்டம் கலைகிற நேரத்தில் வாய் ஓயாதவள் கோப்பையை வாங்க வருகிற சாக்கில் பக்கத்தில் குந்தினாள்.

"மிஸ், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அந்தப் பைப்பு இல்லாட்டி, நீங்க சொன்னது மாறுமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

சும்மா யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் சாய்ந்திருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த தூண். கையில் இருந்த சாவியால் தட்டினேன். இரும்பு. உள்ளே வெறும் கூடு. எழுந்து அடுத்ததைத் தட்டினேன். எட்டுத் தூண்களும் அதேதான். குழாய் மூட்டுகளில் இருக்கும் தடித்த வளையம்கூடப் பெயின்டுக்கு அடியில் நன்றாகத் தெரிந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், நான் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும்.

"புள்ளைகுட்டிகளோட மண்ணுக்கு அடியில போறதுக்கா எல்லாரும் சேந்து ஆமா போட்டீங்க?" என்று கோயில் வாசல் என்றும் பாராமல் கத்தினேன்.

ஒரு ஆள் எழுந்து சொன்னார்: "சாமிக்குத்தான் மிஸ் எடுத்தோம். ஒருத்தரும் வீட்டுக்குக் கொண்டு போகல." ஃபேக்டரி மூடியபோது, கும்பாபிஷேகத்துக்குக் கொட்டகை போடத் தூண் இல்லாமல், லயமே சேர்ந்து மலையைக் கிண்டிக் குழாயை எடுத்திருக்கிறது. கண்டாக்குத்தான் அப்போது கோயில் கமிட்டித் தலைவர். அவர் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார்.

"தொரைக்குத் தெரிஞ்சா எத்தன பேருக்கு வேல போகும்னு நெனச்சுப் பாருங்க மிஸ். எல்லாம் தோட்டத்துச் சாமான்" என்றார் தாழ்ந்த குரலில்.

அவரை நான் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். திட்டவில்லை. என் அப்பாவும் லயத்தில் பிறந்தவர்தான். ஃபைலோடு ஒருவர் வந்து நின்றால், ஃபைலில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு ஆமாம் போடுவதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. வரைபடத்தில் குழாய் இருக்கிறது என்றால் இருக்கிறதுதான். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்திருந்தும், ஒரு பட்டம் வாங்கி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும், என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேனே, அந்தத் திமிருக்கு என்ன பெயர் வைப்பது?

அன்று மாலைக்குள் தோண்டினோம். அந்த ஆட்களே தோண்டினார்கள். குழாய் எடுத்த பள்ளத்தை அப்போது வெறும் சருகும் தளர்ந்த மண்ணும் போட்டு மூடியிருந்தார்கள். அது உக்கி, மேலே விழுகிற மழையையெல்லாம் வாங்கி மலைக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. இடுப்பளவு குழிக்குள் தண்ணீர் ஊறிக் கெண்டைக்கால்வரை நின்றது. கீழே கை வைத்துப் பார்த்தேன். சவர்க்காரம் மாதிரி வழுவழுப்பான களி.

என் மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "போன கிழமை ஓம் எண்டீர். இப்ப இல்லை எண்டுறீர். நான் மேல என்னெண்டு சொல்லுறது?"

"நான் பிழை விட்டுட்டேன்னு சொல்லுங்க சேர்" என்றேன். "தோண்டிப் பார்த்ததில் குழாய் காணப்படவில்லை" என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதினேன். அது எங்கே போனது என்று எழுதவில்லை, கேட்கவும் ஒருவரும் இல்லை. லயத்துக்கு யாரும் திரும்பக் கூடாது என்று கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு மலை விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஒரு பருவ மழை வந்து போனது, மலை அசையவில்லை. சனங்களுக்கு வேறு காணி தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. ஃபேக்டரியிலேயே கிடந்தார்கள். "கரண்டு மிஸ் சொன்ன மலை கல்லாட்டம் நிக்குது" என்று தோட்டத்தில் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சில நாட்களில், மழைச் சத்தம் கேட்டு விழித்ததும், விழுந்து தொலைத்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன். வெறும் லயம்தானே, யாரும் இல்லையே, விழட்டும், நான் சொன்னது சரி என்று ஆகட்டும். அப்படியொரு ஆசை எனக்குள் இருந்தது.

வெடிப்பு எவ்வளவு அகன்றிருக்கிறது என்று பார்க்க ஒருநாள் காலை தனியாகப் போனேன். லயத்துக் கூரையில் புகை.

கடைசிக் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் அவள் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாதவள். என்னிடம் வந்து பைப்பைப் பற்றிக் கேட்ட அதே மனுஷி. லயத்துக்குத் திரும்பி மூன்று கிழமை ஆகிறதாம். அந்த மூன்று கிழமையும், மழை பெய்யப் பெய்ய, நான் மலை விழட்டும் என்று படுக்கையில் கிடந்து விரும்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பைத்தியமா உங்களுக்கு? பைப்பு இல்லைன்னு சொன்னதே நீங்கதானே! எல்லாரையும் விட உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்!"

"தெரியும் மிஸ்" என்றாள். கோடரியைக் கீழே வைத்தாள். "மக பெரிய மனுஷி ஆயிட்டா. ஃபேக்டரியில கதவு ஏது? சீலையத்தான் கட்டித் தொங்க விட்டிருக்கோம். கக்கூசுக்குப் போற ஆம்பளைங்க எல்லாரும் அந்தச் சீலையத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். குடிச்சிட்டு வர்றவனும் போறான். புள்ள ராவெல்லாம் தூங்காம உக்காந்திருக்கு. நான் வேலைக்குப் போனா யாரு பாக்குறது? மலை விழுமா விழாதான்னு உங்களுக்கே தெரியல. இது தெனமும் நடக்குது."

உள்ளே கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நிற்பது தெரிந்தது. பதின்மூன்று வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெடிப்பை அளந்தேன். முன்பைவிட இரண்டு விரல் அகன்றிருந்தது. அன்று சாயந்திரம் வெடிப்பைப் பற்றி எழுதிய புது ரிப்போர்ட்டில் பரிந்துரை என்ற இடத்தில், வடிகால் வேலைகளுக்குக் கீழே, "ஃபேக்டரியில் தாழ்ப்பாள் உள்ள கதவுடன் அறைகள் உடனே தேவை" என்று எழுதினேன்.

மேலதிகாரி வாசித்தார். "உது எங்கட வேலை இல்லைப் பிள்ளை" என்றார். மறுபடி வாசித்தார். "எண்டாலும் இருக்கட்டும், வெட்டாதையும்." அனுப்பினார். பதில் வரவில்லை.

இரண்டு கிழமை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. அந்தப் பிள்ளை மலைக்கு அடியில் இருக்கிறாள், நான் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே பொறுக்கவில்லை. கண்டாக்குக்குப் போன் போட்டேன்.

"லயத்துக் கதவுகளக் கழட்டி ஃபேக்டரிக்குக் கொண்டு வரணும். நானும் வர்றேன்" என்றேன்.

"தோட்டத்துச் சாமான் மிஸ்" என்றார்.

"தெரியும்."

"ஞாயித்துக்கிழம வாங்க. தொரை கொழும்புக்குப் போறாரு."

பன்னிரண்டு கதவுகளையும் கழற்றினோம். துருப்பிடித்த ஆணிகள், சிலதை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் உள்ள கதவு ஐந்துதான். ஃபேக்டரியில் அறைச் சுவருக்கு லயத்துக் கூரைத் தகரம். சரிவில் ஒரு கதவின் முன்பக்கம் கண்டாக்கு, பின்பக்கம் நான். அவர் அன்று குடை கொண்டு வரவில்லை. கதவு இல்லாத காம்பராவுக்கு இனி யாரும் திரும்பிப் போக மாட்டார்கள் என்பதும் எனக்கு நினைவில் இருந்தது, அதை வெளியே சொல்லவில்லை. ஃபேக்டரியின் மூலையில் முதல் கதவை மாட்டியதும், தாய்க்காரி மகளை உள்ளே போகச் சொன்னாள். பிள்ளை உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். அப்புறம் நெடுநேரம் திறக்கவே இல்லை. தாய்க்காரி வெளியே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிறது. காணி இன்னும் வரவில்லை. மலையும் இன்னும் நிற்கிறது, கேலி பேசுகிறவர்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பேசட்டும். பெரிய மழை பிடித்தால் நான் வாய் ஓயாதவளுக்குப் போன் போடுகிறேன். சிக்னல் கிடைத்து அவள் எடுக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. இத்தனை பேசுகிறவள், நான் மலையைப் பற்றிக் கேட்கப்போகிறேன் என்று தெரிந்தும், ஒருநாளும் மலையைப் பற்றிச் சொன்னதில்லை.

"உள்ளதான் இருக்கா மிஸ்" என்பாள். "தாப்பா போட்டிருக்கு. தூங்குறா."